மேல்காற்றுக்கு ஒரு தூசி, வாடைக்கு ஒரு புகை

சென்ற மாதம் இந்தப் பகுதியில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் ஏறி நின்று, அங்கிருந்து தெரிகிற மிகத் தூரமான பொருள் எது என்று ஒரு வாரம் குறித்து அனுப்பச் சொன்னேன். வானிலை நிலையங்களில் 36 ஆண்டுகள் நோட்டும் கையுமாக நான் மாடி ஏறிய நேரம் அதுதான். நாகப்பட்டினம், பாம்பன், சென்னை, கடைசியில் பிறந்த ஊரான தூத்துக்குடி என்று வேலை பார்த்ததெல்லாம் கடற்கரை ஊர்களில். கடிதங்கள் குவிந்துவிட்டன. கோபுரம் தெரியவில்லை, கலங்கரை விளக்கம் தெரியவில்லை, செல்போன் டவரில் பாதிதான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் மறைத்ததற்கு வைத்திருக்கும் பெயர் ‘பனி’.

எங்கள் நோட்டில் அப்படிப் பொதுவாக எழுத முடியாது. உலகம் முழுக்க ஒரே எண்முறை. புகை மறைத்தால் 04. உலர்ந்த நுண்துகள்களால் மங்கினால் 05. தூசி பரவி மிதந்தால் 06. ஈரத்துளிகளால் மங்கினால் 10. ஒரு கிலோமீட்டர் தூரம்கூடத் தெரியாதபோதுதான் மூடுபனி. அதற்கு நாற்பதுகளில் எண்கள். ஐந்தா, பத்தா என்று சந்தேகம் வந்தால் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்ப்போம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சுற்றாததும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது, கண்ணை மறைப்பது நீர்த்துளி. மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் இருந்தால் அது பனியாக இருக்க முடியாது. உங்கள் கடிதங்களில் ‘பனி’ என்று இருப்பதில் பெரும்பகுதி என் கணக்கில் 05. அதைத்தான் விஞ்ஞானிகள் ஏரோசால் என்கிறார்கள்: காற்றில் மிதக்கும் உப்பு, தூசி, புகைக்கரி, கந்தக உப்புகள் எல்லாம் சேர்ந்த கூட்டம். கடற்கரையில் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் மாறுகிறார்கள். இந்த மாதம் முழுக்க அதைப் பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

*

தை, மாசியில் எங்கள் ஊருக்குக் காற்று கடலிலிருந்துதான் வீசுகிறது. கடல் காற்று சுத்தமானது என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் அந்த மாதங்களில்தான் வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஏன் அம்மா?
– நாகப்பட்டினம் வாசகி

உங்கள் ஊரில்தான் நானும் இதை முதலில் பார்த்தேன். 1982 தை மாதம். வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட இருந்த மூத்த நோக்கர் ஒருவர் விடிகாலையில் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, “சூரியன் எங்கே உதிக்குதுன்னு பாரும்மா” என்றார். கடல் விளிம்பில் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, விளிம்புக்கு ஒரு சாண் மேலே, எங்கிருந்தோ வந்து ஒட்டவைத்த மாதிரி ஒரு சிவப்புத் தட்டு தெரிந்தது. விளிம்பை ஒட்டிய காற்றில் அவ்வளவு துகள். சூரியன் உதித்து, அந்த அடர்த்தியைத் தாண்டி மேலே ஏறிய பிறகுதான் நம் கண்ணுக்கே தெரிகிறது. நோட்டில் 05 என்று எழுதினேன். எனக்கும் உங்கள் கேள்விதான் வந்தது: எதிரே வெறும் கடல், அப்புறம் இது எங்கிருந்து வருகிறது?

வாடைக்காற்று உங்கள் வீட்டை அடையும் முன் கடந்த கடைசி வழி மட்டும்தான் கடல். அது புறப்பட்ட இடம் கங்கைச் சமவெளி, வங்காளம், ஒடிசா, ஆந்திரக் கரை. மார்கழியிலிருந்து பங்குனி வரை அந்த நிலப்பரப்பின் காற்று வங்கக் கடலுக்குள் இறங்கி, வளைந்து, வடகிழக்கிலிருந்து நம் கரைக்கு வருகிறது. வரும்போது விறகடுப்புப் புகையும், வைக்கோல் எரித்த புகையும், செங்கல் சூளைக் கரியும், நிலக்கரி எரிந்த கந்தக வாயுவும் கூடவே வருகின்றன. கந்தக வாயு சும்மா வருவதில்லை. கடல்மேல் வருகிற நாட்களிலேயே சல்பேட் என்ற நுண்ணிய உப்பாக மாறிவிடுகிறது. தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்றால், இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு சிறியது தன் எடையால் கீழே விழாது. மழை பிடித்து இறக்கினால்தான் உண்டு. அந்த மாதங்களில் வங்கக் கடலில் மழை குறைவு. ஆகவே ஒரு வாரம்போல மிதந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் நாகப்பட்டினத்தையும் தாண்டிப் போய்விடும்.

எவ்வளவு தூரம் என்பது 1999-இல் தெளிவாகத் தெரிந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பல், விமானம், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் வைத்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தார்கள். இண்டோயெக்ஸ் என்று பெயர். முன்னின்று நடத்தியவர்களில் வீ. ராமநாதனும் ஒருவர், நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். மாலத்தீவில் காஷிதூ என்ற குட்டித் தீவில் கருவிகளை வைத்தார்கள். சுற்றிலும் தொழிற்சாலை கிடையாது. ஆனாலும் பழுப்புப் புகைமூட்டம் அங்கே வரை வந்திருந்தது. உயரத்தில் 3 கிலோமீட்டர். தெற்கே நிலநடுக்கோட்டை நெருங்கும் வரை. அந்தத் துகள்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மனிதர் செயலால் வந்தவை என்று கணக்கிட்டார்கள். பிறகு 2008 டிசம்பர் கடைசியிலிருந்து 2009 ஜனவரி வரை நம் நாட்டு ஆய்வுக்கப்பல் ‘சாகர் கன்யா’ வங்கக் கடலைச் சுற்றி வந்து, குளிர்காலத்தில் கடலின் வடக்கு முனை எவ்வளவு கனத்துக் கிடக்கிறது என்று அளந்தது.

ஆகவே அந்த மாதங்களில் நீங்கள் சுவாசிப்பது வங்காளத்து அடுப்பையும் சேர்த்துத்தான். இதைப் படித்துவிட்டு நம் ஊர்க் குப்பை மேட்டுக்கு யாரும் விடுதலை கொடுத்துவிட வேண்டாம். அதற்குச் சென்னைக் கேள்வியில் வருகிறேன்.

*

ஆனி, ஆடியில் திண்ணையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு செந்தூசி. இது அரேபியப் பாலைவனத்திலிருந்து வருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– திருச்செந்தூர் வாசகர்

திண்ணையில் கிடப்பது உங்கள் ஊர் மண். தேரி என்கிற செம்மணல் மேட்டு மண். வானத்தை வெளுக்க வைப்பதில் அரேபியாவுக்கும் பங்கு உண்டு. இரண்டும் ஒரே மாதங்களில் வருவதால் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

முதலில் தேரி. ஆனியிலிருந்து ஆவணி வரை வீசுவது மேல்காற்று. கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைப் பக்கமும் புகுந்து நமக்கு வறண்ட காற்றாக வருகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அது குதிரைமொழித் தேரியையும் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் மேடுகளையும் தாண்டி வருகிறது. பெரிய மணல் பறக்காது; தரையோடு துள்ளித் துள்ளி ஓடும். ஒவ்வொரு முறை விழும்போதும் கீழே இருக்கிற மெல்லிய தூளை இடித்துக் கிளப்பிவிடும். உங்கள் திண்ணைக்கு வருவது அந்தத் தூள். சிவப்பு, அதன்மேல் படிந்திருக்கிற இரும்பு ஆக்சைடின் நிறம். விரலில் நெருடுகிற அளவுத் துகள் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். கடல் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வர அதற்குத் தெம்பு கிடையாது.

எங்கள் அப்பா தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்குப்பிள்ளை. மேல்காற்று வந்தால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும்; வறண்ட காற்றில் பாத்தித் தண்ணீர் வற்றி உப்பு நன்றாக விளையும். அதே காற்று அடிக்கிற அடியில் வாரிக் குவித்த உப்பின்மேல் செம்மண் படிந்து நிறம் மங்கினால் சாயங்காலம் வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியாது. அம்பாரத்தின்மேல் ஓலை வேய்ந்து மூட ஆட்களை விரட்டிக்கொண்டே இருப்பார். ஏரோசால் என்ற சொல் அவருக்குத் தெரியாது. எந்த மாதம் எந்தக் காற்று எதைக் கொண்டுவந்து கொட்டும் என்பது மட்டும் நாள் கணக்காகத் தெரியும்.

இப்போது அரேபியா. பங்குனி தொடங்கி ஆவணி வரை, அதிலும் ஆனி ஆடியில் மிகுதியாக, அரபு தேசத்துப் பாலைவனங்களிலிருந்தும் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்தும் தூசி கிளம்பி அரபிக்கடல்மேல் வருகிறது. இது சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள நைசான தூசி. பெரும்பாலும் 2 முதல் 5 கிலோமீட்டர் உயரத்தில், கீழே வீசும் கடல் காற்றுக்கு மேலே தனி அடுக்காக வரும். துடைப்பத்துக்கு அகப்படாது. மேற்குக் கரையில் அதிகம், நம் கிழக்குக் கரைக்கு வரும்போது குறைவு, ஆனால் வராமல் இல்லை. ஆடி மாதம் மேகமில்லாத மாலையில் பாருங்கள். சூரியன் சிவக்காமல் வெள்ளிக்காசு மாதிரி மங்கி மங்கி, இறங்குவதற்கு முன்பே காணாமல் போனால் மேலே தூசி அடுக்கு இருக்கிறது என்று நான் குறித்துக்கொள்வேன். புகை மிகுந்த தை மாதச் சூரியன் செக்கச்சிவந்து இறங்கும். சின்னத் துகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துச் சிவப்பை விட்டுவைக்கும். பெரிய துகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால் வெளுப்பு.

இந்தத் தூசி ஒரு நல்லதும் செய்கிறது. அரபிக்கடல்மேல் வெயிலை உறிஞ்சி அந்தக் காற்றைச் சூடாக்குகிறது. அதனால் ஈரக்காற்று இன்னும் பலமாக இந்தியாவுக்குள் இழுக்கப்பட்டு, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

தூத்துக்குடி நிலைய மாடியிலிருந்து மேற்கே வல்லநாட்டு மலை எனக்கு ஓர் அடையாளம். மழை விட்ட கார்த்திகைக் காலையில் கத்தரித்த மாதிரி தெரியும். ஆடியில் ஒரு மாதம் முழுக்க ஒரு நாள்கூட அதை நான் பார்க்காத வருடங்கள் உண்டு.

*

கடல் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. பிறகு எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் உப்பு எப்படி வருகிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், இராமேசுவரம்

தம்பி, நல்ல கேள்வி. பாடமும் சரி, உன் ஜன்னலும் சரி. உப்பு ஆவியாகி வருவதில்லை, தெறித்து வருகிறது.

ஒரு டம்ளரில் சோடாவை ஊற்றி அதன்மேல் முகத்தைக் கொண்டுபோய்ப் பார். சில்லென்று பொடித்துளிகள் மூக்கில் படும். அலை உடையும்போது கடலுக்குள் காற்று புகுந்து லட்சக்கணக்கான குமிழிகளாக மேலே வரும். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது இரண்டு வேலை நடக்கிறது. மேலே இருக்கிற மெல்லிய தோல் கிழிந்து மிகச் சின்னத் துளிகளாகச் சிதறுகிறது. பிறகு குமிழி இருந்த பள்ளத்தை நிரப்பப் பாய்கிற தண்ணீர், நடுவில் ஊசி மாதிரி எழும்பிச் சில பெரிய துளிகளை வீசுகிறது. காற்றில் அந்தத் துளிகளின் நீர் வற்றினால் மிச்சம் உப்புத்துகள்.

அலை வெள்ளையாக உடைய வேண்டும், அதுதான் முக்கியம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் உப்புத் தெறிப்பு இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். அதனால்தான் காற்று பலமாக வீசும் ஆடியிலும், ஐப்பசி கார்த்திகைப் புயல் நாட்களிலும் உங்கள் தீவில் எல்லாம் பிசுபிசுக்கிறது. பாம்பனில் நான் இருந்தபோது வெப்பமானிப் பெட்டியின் கீலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுவேன். ஒரு வாரம் விட்டுவிட்டால் துருவேறிக் கதவு திறக்காது.

இன்னொன்றும் செய்து பார். கல்லுப்பை ஒரு தட்டில் வெளியே வை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். வானத்தில் மிதக்கிற உப்புத்துகளும் இதையேதான் செய்கிறது. பகலில் சின்னதாக இருந்தது விடியற்காலையில் தண்ணீர் குடித்துப் பருத்துவிடும். அதே எண்ணிக்கைத் துகள்தான், ஆனால் பாம்பன் பாலம் மறைந்துவிடும். எத்தனை நாள் எந்த மணிக்குப் பாலம் மறைகிறது, எப்போது திரும்பத் தெரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.

*

என் தாயாருக்கு ஆஸ்துமா. வயது 71. சுத்தமான கடல் காற்று கிடைக்கும் என்று வருடம் முழுக்க விடியற்காலை ஐந்தரைக்கு மெரினாவுக்கு அழைத்துப் போகிறேன். மார்கழி, தையில் மட்டும் இருமல் கூடுகிறது. குளிரினாலா?
– திருவல்லிக்கேணி வாசகர்

மருத்துவர் கொடுத்த மருந்தையும் அவர் சொன்ன முறையையும் மாற்ற வேண்டாம். நடைக்குப் போகும் நேரத்தை மாற்றுங்கள். குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாள் கவனித்தீர்களா?

இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. அதனால் பின்னிரவிலிருந்து விடியற்காலை வரை காற்று ஊரிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். மார்கழியில் ஐந்தரை மணிக்கு மெரினா மணலில் நிற்பவர் கடல் பக்கம் பார்த்து நின்றாலும் அவர் மூக்குக்கு வருவது முதுகுக்குப் பின்னால் இருக்கும் நகரத்தின் காற்று. அதோடு, குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சூடாகவும் இருக்கும். மூடி போட்ட பாத்திரம் மாதிரி. மதியம் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே கலந்து போகிற புகை, அந்த நேரத்தில் நூறு இருநூறு மீட்டருக்குள் அடைந்து கிடக்கும். வாகனமும் குப்பை எரிப்பும் அதே அளவுதான், இடம்தான் சுருங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்த வருடங்களில், எட்டரைக்கு நான் 05 அல்லது 10 எழுதிய பல நாட்களில் பதினோரு மணிக்கெல்லாம் வானம் பளிச்சென்று ஆகியிருக்கும்.

ஆகவே மார்கழி, தை, மாசியில் அம்மாவை மாலை நாலு, நாலரைக்குக் கூட்டிப் போங்கள். சித்திரைக்கு மேல் விடியற்காலை அவ்வளவு மோசமில்லை. மேல்காற்று ஓரளவு வீசிக்கொண்டிருக்கும், மூடியும் சீக்கிரம் விலகும். மதியம் கடல் காற்று உள்ளே வந்த பிறகு கடற்கரை நிஜமாகவே கடல் காற்றுதான். வெறும் கடல் உப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

போகி அன்று மட்டும் வெளியே கூட்டிப் போகவே வேண்டாம். ஜன்னலைச் சாத்துங்கள். போக வேண்டிய கட்டாயம் இருந்தால் என்95 முகக்கவசம். 2018 போகி அன்று புகையால் சென்னை விமானப் போக்குவரத்தே பாதித்தது. பழைய பாயும் கோரையும் எரித்த காலம் வேறு. டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் காலம் வேறு. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. டெல்லியிலும் சென்னையிலும் பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளியாகிறது. அது காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து துகளாகிறது. அந்தத் துகளுக்குத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். ஈரமான விடியலில் ஊதிப் பெருத்து, பார்வையை மறைக்கிறது. கடலோர ஊரில் குளோரைடு என்றதும் கடல் உப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். இது நாம் எரித்த குப்பையின் குளோரைடு.

*

டெல்லிப் புகை சென்னைக்கு வருமா, வராதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– அம்பத்தூர் வாசகர்

வரும், ஆனால் வங்கக் கடலைச் சுற்றி, பல நாள் பழையதாகி, நீர்த்துப்போய், வானத்தை மங்கவைக்கும் அளவுக்கு வரும்.

ஒரு வரி முடிந்தது. இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 நவம்பர் முதல் வாரத்தில் சென்னை சில நாள் மங்கிக் கிடந்தபோது இந்த விவாதம் பெரிதாக எழுந்தது. அந்த மாதிரி நாட்களில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் வேகத்தை. கடலில் எங்கோ ஒரு புயல்சின்னம் இருந்து, கரையில் காற்று அசையாமல் நின்றுவிட்டால், ஊரின் சொந்தப் புகையே போதும். காலையில் மோசம், மதியம் நல்லது, மறுநாள் காலை மறுபடி மோசம் என்று இருந்தால் அது உள்ளூர்ப் புகை. இரவும் பகலும் மாறாமல், சென்னையிலிருந்து கடலூர் வரை ஒரே மாதிரி மங்கி, நாள்கணக்கில் நின்றால் தூரத்துச் சரக்கு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று.

*

மழை பெய்ததும் காற்று முழுக்கக் கழுவப்பட்டுவிடும் என்பது சரிதானே?
– காரைக்கால் வாசகி

பாதி சரி. விழுகிற மழைத்துளி தூசி, உப்பு போன்ற பெரிய துகள்களை மோதிப் பிடிக்கும். 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை துளியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு தப்பிவிடும். புகையின் முக்கியப் பகுதி அந்த அளவில்தான் இருக்கிறது. அவற்றைப் பிடிப்பது மேகம். மேகத்துளி உருவாகும்போதே ஒரு துகளை விதையாக வைத்துத்தான் உருவாகிறது. அந்தத் துளி மழையாக இறங்கினால் துகளும் இறங்கிவிடும். அதனால் ஒரு மணி நேரத் தூறல் போதாது. ஐப்பசி அடைமழை நாலு நாள் பெய்ய வேண்டும். அப்படிப் பெய்து ஓய்ந்த மறுநாள்தான் உங்கள் ஊரின் உண்மையான நீல வானத்தைப் பார்க்க முடியும். தவறவிடாதீர்கள்.

*

கைப்பேசியில் காற்றுத் தரக் குறியீடு ஒரே எண்ணாக வருகிறது. அதில் தூசி எவ்வளவு, புகை எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– புதுச்சேரி வாசகர்

அந்த ஒற்றை எண்ணை விட்டுவிடுங்கள். உள்ளே போனால் பி.எம். 10, பி.எம். 2.5 என்று இரண்டு அளவுகள் இருக்கும். முதலாவது 10 மைக்ரோமீட்டர் வரை உள்ள எல்லாத் துகளும். இரண்டாவது அதற்குள் இருக்கும் 2.5-க்கும் சிறியவை. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்.

பி.எம். 10 அளவு 90, பி.எம். 2.5 அளவு 27 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.3. பெரிய துகள் மிகுதி: மண், சாலைத் தூசி, கடல் உப்பு. அதே 90-க்கு 60 என்றால் ஏறக்குறைய 0.67. இது எரிந்ததிலிருந்து வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு தினமும் இந்தக் கணக்கைப் போட்டுவைக்கிறேன். ஆடியில் கீழே இறங்கும், தையில் மேலே ஏறும், தீபாவளி மறுநாள் காலை குதிக்கும். மேல்காற்றுக்கு ஒரு தூசி, வாடைக்கு ஒரு புகை என்று எங்கள் அப்பா காலத்துக் கணக்கு இந்த ஒரு பின்னத்தில் அப்படியே தெரிகிறது.

அளவையும் பாருங்கள். பி.எம். 2.5-க்கு ஒரு நாள் சராசரியாக நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இடையில் எவ்வளவு தூரம் என்பதை வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. எங்கள் ஊர் எந்தக் கணக்கில் வரும்?
– நாகர்கோவில் வாசகர்

கிழக்கு மேற்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். ஆனாலும் உங்களுக்கு நல்ல ஒப்பீடு பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் தும்பாவில் ராக்கெட் நிலையத்தை ஒட்டிய விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1980களிலிருந்து சூரிய ஒளியைப் பல நிறங்களில் அளந்து துகள் கணக்கு எடுத்துவருகிறது. அங்கே புகைக்கரி குளிர்காலத்தில் உச்சம். ஆனி ஆடி மழையில் மிகக் குறைவு. அப்போது காற்று அரபிக்கடலிலிருந்து நேராக வருகிறது, மழையும் விடாமல் கழுவுகிறது. கடல் உப்பு மட்டும் கூடுதல். ஆரல்வாய்மொழியைத் தாண்டி ஒரு மணி நேரம் பேருந்தில் வந்தால் அதே மாதத்தில் அதே காற்று தேரி மண்ணை வாரி இறைக்கிறது. ஒரே காற்று, மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. அதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்.

*

என் பாட்டி, அவருடைய பாட்டி சொன்னதாக ஒரு கதை சொல்வார்: சின்ன வயதில் சில நாட்கள் சூரியன் பச்சையாக உதித்ததாம், ஊரே பயந்து கோயிலில் கூடியதாம். இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று என் மகன் சிரிக்கிறான்.
– மயிலாப்பூர் வாசகி

மகனிடம் இதைக் காட்டுங்கள். 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவா பக்கத்தில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதன் துகள்கள் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வெப்பமண்டலத்தைச் சுற்றி வந்தன. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் காலையும் மாலையும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைக் கருவியில் ஆராய்ந்து கட்டுரையே எழுதினார். பிற்பாடு கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைத்தவரும் அவர்தான்.

சாதாரணப் புகையில் எல்லா அளவுத் துகளும் கலந்திருக்கும். அதில் சூரியன் சிவக்கும். துகள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டி அமைந்துவிட்டால் கணக்கு தலைகீழாகி, சிவப்பு அதிகமாகச் சிதறிப்போய்ப் பச்சையும் நீலமும் மிஞ்சும். அது அபூர்வம். 36 வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் பாட்டியின் பாட்டி அப்போது எந்த ஊரில் இருந்தார், எத்தனை நாள் பார்த்ததாகச் சொன்னார், காலையிலா மாலையிலா என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.